பதிவேட்டில் எழுதாத பருத்திக்கொட்டை

மார்ச் 4, சனி

சுகந்தி இன்று ஒரு புதுப் பதிவேட்டை வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். நானூறு பக்கம், கெட்டி அட்டை. ஒவ்வொரு மாட்டுக்கும் அன்றன்று என்ன தீவனம் வைத்தோம், எவ்வளவு கறந்தது, பாலின் தரம் என்ன என்று எழுதித் தினமும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மே மாதம் இயற்கைப் பண்ணைச் சான்றிதழுக்காக ஆய்வாளர் வருகிறார். அவர்கள் முதலில் கேட்பது மாட்டை அல்ல, பதிவேட்டைத்தான் என்கிறாள்.

"இதுக்கு உங்களை உட்டா வேற ஆள் ஏதுங்கப்பா?" என்றாள்.

முகஸ்துதிதான், ஆனால் பொய் இல்லை. முப்பத்தொரு வருஷம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பரிசோதகராக இருந்தவன் நான். ஊரில் என்னை நல்லமுத்து என்று கூப்பிடுபவர்கள் குறைவு, டெஸ்டர் என்றுதான் சொல்வார்கள். லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டால் அது இருபத்தெட்டுக்கு மேல் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் தண்ணீர். யார் கேனாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பதிவேட்டுக்கு உரியதைப் பதிவேட்டில் எழுதுவேன். மிச்சம் இந்த டைரியில்.

விவரம்: மாடு பதினாறு, கறவையில் பத்து. எல்லாம் காங்கேயம் நாட்டு மாடுகள். மேய்ச்சலுக்குப் பதினாலு ஏக்கர் கொறங்காடு. அதாவது உழாமல், சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லுக்கென்றே விட்டு வைத்த காடு. மகள் சுகந்தியும் மாப்பிள்ளை தினகரனும் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பால் கண்ணாடிப் பாட்டிலில் திருப்பூருக்குப் போகிறது, நாற்பத்திரண்டு வீடுகளுக்கு. பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டில் சுகந்தியே எழுதிய வாசகம்: "புல் தின்ற மாட்டின் பால். எங்கள் காட்டில் விளைந்தது தவிர வேறெதுவும் தருவதில்லை."

இன்று இருபத்தொன்பது லிட்டர்.

மார்ச் 5, ஞாயிறு

இருபத்தொன்பது லிட்டர். லாக்டோமீட்டர் முப்பது. விசேஷம் இல்லை.

மார்ச் 11, சனி

தீவன அறையில் மூலையில் கிடந்த அரை மூட்டைப் பருத்திக்கொட்டையை சுகந்தி பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். பருத்திக்கு அடிக்கிற மருந்து கொட்டையில் இருக்கும், ஆய்வாளர் அதைப் பார்த்தாலே போதும் என்றாள். புண்ணாக்கு, தவிடு எல்லாம் போன வருஷமே போய்விட்டன.

பூவாத்தாள் வாசலில் நின்று மூட்டை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். நான் பார்த்ததெல்லாம் பாலை.

"புல்லு மட்டும் தின்னுட்டு ஒரு மாடு எப்புடிப் பால் கறக்கும்? நீ சோத்தை மட்டும் தின்னுட்டு இருப்பியா கண்ணு?" என்றாள் மகளிடம்.

"மாட்டுக்குப் புல்லுதாம்மா சோறு, கொழம்பு, பொரியல் எல்லாம்."

"செரிங்க," என்றாள் பூவாத்தாள்.

பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டுப் பேசினால் அவளுக்குக் கோபம் என்று அர்த்தம். சுகந்திக்கும் அது தெரியும். ஆனால் அவளுக்குப் பால் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 19, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. புல் வைக்கோல் நிறத்துக்கு வந்தாயிற்று. மாடுகள் வெள்வேல மரத்தடியில் உதிரும் காய்களைப் பொறுக்கித் தின்கின்றன. சோளத்தட்டும் போடுகிறோம், அது நம் காட்டில் மருந்தில்லாமல் விளைந்ததுதான். இருபத்துநாலு லிட்டர்.

திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் மாடு பார்க்க வந்தது. அந்தப் பெண் காளைக்கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வர்ற பால் இதோட பாலா?" என்று கேட்டாள். தினகரன் தர்மசங்கடத்தோடு தலையாட்டினார். வாடிக்கையாளர் சொன்னால் காளையும் கறக்கும்.

மார்ச் 27, திங்கள்

செவலை இன்று விடிகாலையில் ஈன்றது. தலைச்சன் ஈத்து. கிடாரிக் கன்று. சிரமப்பட்டுத்தான் போட்டது. நச்சுக்கொடியைப் பூவாத்தாள் வைக்கோலில் சுற்றிக் கோணிப்பையில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிட தினகரனிடம் கொடுத்தனுப்பினாள்.

பிறகு சுகந்தியிடம் வந்தாள். எங்கள் பக்கம் ஈன்ற மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பாலெடுத்து, கருப்பட்டி போட்டுக் கொடுப்பது வழக்கம். பெற்றவளுக்கு மருந்துக்குழம்பு எப்படியோ அப்படி. யாரும் இதைத் தீவனம் என்று சொல்லமாட்டார்கள்.

"பத்தே பத்து நாளைக்குக் கண்ணு. அந்தப் பாலைப் பாட்டில்ல ஊத்த வேண்டாம். கன்னு குடிச்சுக்கட்டும்."

"பாட்டில்ல ஊத்துனாலும் ஊத்தாட்டியும் இந்தப் பண்ணைக்குள்ள வரக் கூடாதும்மா. முருங்கைத் தழை குடு. ராகிக் கூழு காச்சிக் குடு, நம்ம காட்டு ராகி. பருத்திக்கொட்டை மட்டும் வேண்டாம்."

"செரிங்க."

ஏப்ரல் 2, ஞாயிறு

செவலையின் விலாவை எண்ணினேன். பதிமூன்றும் தெரிகிறது.

ஏப்ரல் 6, வியாழன்

இருபத்திரண்டு லிட்டர்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இட்லி மாவு ஆட்டியது நேற்று மாலை. தரையில் ஈரம்.

தீவனம்: காய்ந்த புல், சோளத்தட்டு, வேலங்காய். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

பூவாத்தாள் பஸ் ஏறிச் சந்தைக்குப் போய்வந்தாள். தேங்காய் வாங்கப் போனதாகச் சொன்னாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு தென்னை நிற்கிறது. பை கனமாக இருந்ததால் வாங்கிக்கொள்ளப் போனேன். "நானே தூக்கிக்கறனுங்," என்று தள்ளிப் போனாள்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ ரசம், வடை, பாயசம்.

கன்று குடித்தது போக செவலையின் பாலைத் தனியே அளந்து பார்த்தேன். மூன்று லிட்டர். கொழுப்பு ஐந்து புள்ளி இரண்டு. மற்ற பத்து மாட்டிலும் பால் இறங்கிக்கொண்டிருக்கிறது. இது மட்டும் ஏறியிருக்கிறது. விலாவும் இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை.

சுகந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களாப்பா? தலைச்சன் மாடு, கோடைக் காலம், வெறும் புல்லு. ஆறாம் நாளே பருத்திப்பால் இல்லாமச் செத்துப்போகும்னு அம்மா சொல்லுச்சு. இதை எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்பப் போறேன்."

பூவாத்தாள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ம்," என்றேன். பதிவேட்டைத் திறந்து எழுதினேன். காய்ந்த புல், சோளத்தட்டு, வேலங்காய்.

ஏப்ரல் 21, வெள்ளி

இந்த வாரத்து வெண்ணெயை உருக்க சுகந்தி எடுத்தாள். எங்கள் வெண்ணெய் மஞ்சளாக, விரல் பட்டால் அழுந்துகிற பதத்தில் இருக்கும். அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. இந்த முறை ஒரு உருண்டை வெளுத்து, கெட்டியாக நின்றது. சுகந்தி அதைக் கத்தியால் வெட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா இப்படி?"

"கோடையில புல்லுல பச்சை இல்லையில்ல. மஞ்சள் கொறையும்."

நான் சொன்னதில் தப்பில்லை. நிறம் குறைவது காய்ந்த புல்லால். கெட்டிப்படுவது எதனால் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதித் தண்ணீர் ஊற்றினாலும் மீதிப் பாதி பால்தானே என்று சங்கத்தில் ஒருவன் என்னிடம் வாதாடியது ஞாபகம் வந்தது. அவனை நான் விட்டதில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு இன்று வண்டி இல்லை. பூவாத்தாள் காய் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்து என் பழைய கதைகளைக் கேட்டார்.

"யார் பாலையாவது தெரிஞ்சும் விட்டிருக்கீங்களா மாமா? சொந்தக்காரங்க, வேண்டியவங்க?"

"என்ற மாமனார் பாலையே திருப்பி அனுப்பியிருக்கேன் மாப்பிள்ளை," என்றேன்.

சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாயில் வந்துவிட்டது. சுகந்தி பிறந்த வருஷம், தொண்ணூற்றிரண்டு. சங்கம் மாமனார் ஊரில்தான் இருந்தது. நான் சைக்கிளில் போய்வருவேன். பிரசவத்துக்குப் போன பூவாத்தாள் அங்கே அப்பன் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் காலை மாமனார் வையாபுரி கொண்டுவந்த கேனில் லாக்டோமீட்டர் இருபத்துநாலில் நின்றது. இரண்டாவது தடவை பார்த்தேன். இருபத்துநாலு. வரிசையில் இருபது பேர் நின்றார்கள். எல்லோரும் எங்கள் முகத்தையே பார்த்தார்கள். "தண்ணி கலந்திருக்குதுங் மாமா," என்றேன். அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை பார்த்தா செரியாத்தான் இருக்கும். நாந்தான் ஊத்துனேன்," என்று சொல்லிவிட்டு ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்குப் பால் ஊற்றவில்லை. ஊரில் 'தண்ணி வையாபுரி' என்று பட்டப் பெயர் வந்தது. சாகிற வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. என்னிடம் மட்டும் எப்போதும் போலத்தான் பேசினார்.

"கஷ்டமா இல்லீங்களா மாமா?"

"அளவு அளவுதானுங்களே," என்றேன்.

பூவாத்தாள் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு எழுந்து போனாள். பாதிக் கத்தரிக்காய் நறுக்காமல் கிடந்தது.

மே 1, திங்கள்

தொழுவத்தில் செவலையின் சாணத்தைக் குச்சியால் கிளறினேன். கருப்பாய்ச் சின்னச் சின்னத் தோல்கள், ஒன்றிரண்டில் பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நைசாக ஆட்டினாலும் கொட்டைத் தோல் கொஞ்சம் தப்பும்.

ஆக, இனி தெரியாது என்று இந்த டைரியிலும் எழுத முடியாது. பூவாத்தாள் செவலைக்குப் பருத்திக்கொட்டை கொடுக்கிறாள். பத்து நாள் என்று சொன்னது இருபத்தைந்து நாளாகிவிட்டது. அந்தப் பால் பாட்டிலில் போகிறது, வெண்ணெயில் சேர்கிறது. நான் தினமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

சாணத்தை அள்ளிக் குப்பைக்குழியில் போட்டு மேலே மண்ணைத் தள்ளினேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாதுதான்.

மே 3, புதன்

"ஏம்புள்ள, ஆய்வாளர் பதினஞ்சாந் தேதி வர்றாங்களாம்," என்றேன்.

"வரட்டுங்."

"எல்லாத்தையும் பாப்பாங்களாம்."

"பாக்கட்டுங். மாட்டை எலும்பும் தோலுமா நிக்க வெச்சுக் காட்டுனா சந்தோசப்படுவாங்களாக்கு?"

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. மற்றவர்களிடம் கேட்டவன்தான். முகத்துக்கு நேரே இருபது பேர் முன்னால் கேட்டவன்.

மே 8, திங்கள்

பத்தொன்பது லிட்டர். நாலு வீட்டுக்குப் பால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் என்று சொல்லியாயிற்று. நெய் நிறுத்தியாயிற்று. மேகம் தெற்கே திரண்டது, அங்கேயே கலைந்தது.

சுகந்தி கொறங்காட்டுப் படலில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கன்னத்தில் எலும்பு தெரிகிறது இவளுக்கும்.

"பால் கொறைஞ்சா வீடுக போகும், மழை பேஞ்சா வரும். அது பரவால்லீங்கப்பா. ஆனா சீட்டுல ஒரு வரி எழுதியிருக்கனில்லீங்? அதை நம்பித்தான் குழந்தைக்கு ஊத்தறாங்க. அந்த ஒரு வரியிலதான் நிக்கறேன். அது மட்டும் போச்சுன்னா நான் பாட்டிலைக் கழுவி வெச்சுட்டுப் பெங்களூருக்கே போயிருவேன்."

அன்றைய பதிவேட்டை அவள் எதிரில்தான் எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் கோணியது.

மே 15, திங்கள்

ஆய்வாளர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். மோர் கொடுத்தோம், வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் குடித்தார். தீவன அறை, தண்ணீர்த் தொட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் பார்த்தார். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "இவ்வளவு சுத்தமா எழுதி நான் பாத்ததில்லை சார்," என்றார். சுகந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

கொறங்காட்டை முழுக்க நடந்து பார்த்தார். திரும்பி வரும்போது தொழுவத்தில் நின்றார். செவலை அப்போதுதான் சாணம் போட்டிருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சோளத்தட்டால் கிளறினார். சங்கத்தில் நான் எப்படி நிதானமாகப் பார்ப்பேனோ அதே நிதானம். தோல் ஒன்றை எடுத்துக் கையுறையில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"சார், இது பருத்திக்கொட்டைத் தோலா?"

பூவாத்தாள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் குடத்தோடு நின்றாள். சுகந்தி, "இருக்காதுங்க மேடம், எங்க பண்ணையில—" என்று ஆரம்பித்தாள்.

"ஆமாங்," என்றேன்.

"யார் கொடுத்தது?"

"நாந்தானுங்க."

"எத்தனை நாளா?"

"ஏப்ரல் ஆறாந் தேதியிலிருந்துங்க. இந்த ஒரு மாட்டுக்கு மட்டும்."

"அப்பா," என்றாள் சுகந்தி. பூவாத்தாள் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்க்காமல் ஆய்வாளரைப் பார்த்து, "பதிவேட்டுல எழுதாம உட்டதும் நாந்தானுங்க," என்றேன். குடம் சரிந்து கொஞ்சம் தண்ணீர் தரையில் போயிற்று.

சான்றிதழ் இப்போது இல்லை. ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு. செவலையைத் தனியே கட்ட வேண்டும், அதன் பால் பாட்டிலுக்குப் போகக் கூடாது. ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். போகும்போது பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். என் வாழ்நாளில் என் எழுத்தின் மேல் விழுந்த முதல் சிவப்புக் கோடு.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொன்னதில்லை.

மே 16, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

மே 17, புதன்

சுகந்தி நாற்பத்திரண்டு வீட்டுக்கும் செய்தி அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். ஏப்ரல் ஆறு முதல் மே பதினான்கு வரை ஒரு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கொடுக்கப்பட்டது, அந்தப் பால் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது, இது எங்கள் தவறு, இதை என் அப்பா எங்களுக்குத் தெரியாமல் செய்தார், வேண்டாம் என்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

"'என் அப்பா' வேண்டாமே சுகந்தி, 'எங்கள் வீட்டில் ஒருவர்'னு போடலாமே," என்றார் தினகரன்.

"யாருன்னு சொல்லலீன்னா எல்லாரும்னு ஆகும்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள். என் மகள்.

பூவாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் பதினோரு வீடு நின்றுவிட்டது.

பதிவேடு இன்று முதல் மாப்பிள்ளை கையில். சுகந்திதான் வந்து வாங்கிக்கொண்டு போனாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

மே 20, சனி

டீக்கடையில் சங்கத்துப் பழைய உறுப்பினர் ஒருவர், "என்னங் டெஸ்டரு, உங்க வீட்டுப் பாலுக்கே சீட்டைக் கிழிச்சுட்டாங்களாமா? மாமனாருக்கு ஏத்த மருமகன்தான் போங்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 24, புதன்

பதினெட்டு லிட்டராம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காலை ஐந்து மணி ஆனால் செவலை சமையல் கட்டுப் பக்கம் பார்த்துக் கத்துகிறது. பூவாத்தாள் எழுந்து போய் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறாள். கொட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமலே தெரிகிறது.

சுகந்தி என்னோடு பேசுகிறாள். "சாப்பிட்டாச்சா," "மாத்திரை போட்டாச்சா." அப்பா என்ற சொல்லை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டாள். பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இது இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 3, சனி

மழை. மூன்று மணி நேரம் நின்று பெய்தது. தினகரன் சட்டையில்லாமல் வாசலில் நின்றார். பெங்களூர்க்காரர் மாதிரி இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

கொழுக்கட்டைப் புல் எட்டே நாளில் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. போன மாதம் பார்த்தவர்கள் இதே காடு என்று சொல்ல மாட்டார்கள். மாடுகளைத் திறந்துவிட்டுப் படலோரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம். பூவாத்தாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான்.

"ஆறாந் தேதின்னு சொன்னீங்களே," என்றாள். "மொத நாளே தெரியுமுங்களா?"

"கிரைண்டரைப் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்லீங்?"

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பியா?"

யோசித்தாள். "மாட்டனுங்."

செவலையின் கன்று வேலியோரம் துள்ளியது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பன் பால்ல தண்ணி ஊத்தலீங்."

முப்பத்தொரு வருஷமாக அவள் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "தண்ணி ஊத்தாம இருபத்துநாலுக்கு எறங்காது புள்ள," என்றேன்.

"ஊத்துனது நெசந்தானுங். ஊத்துனது நானுங்."

சொன்னாள். சுகந்தி பிறந்து இருபது நாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். அன்றைக்குக் கறந்தது பூவாத்தாள்தான். அந்த வீட்டிலும் அப்போது ஒரு தலைச்சன் மாடு ஈன்றிருந்தது. கன்று பசியில் கத்திக்கொண்டே இருந்தது. "எனக்கும் மார்ல பால் கட்டிக்கிட்டு வலி. அது கத்தக் கத்த எனக்குத் தாங்கலீங். நாலு காம்பையும் கன்னுக்கே உட்டுட்டேன். கேன் கொறைஞ்சு போச்சு. அப்பன் வையுமின்னு பயந்துட்டு ரெண்டு சொம்பு கெணத்துத் தண்ணியை ஊத்திட்டேன். டெஸ்டு பண்றது நீங்கங்கறதுகூட எனக்கு அப்ப நெனப்புல இல்லீங்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குக் கறந்தது நானுங்கறது தெரியுமில்லீங், அங்கயே புரிஞ்சிருக்கும். வெறுங் கேனோட வந்தாரு. நானே அழுதுட்டுச் சொல்லிப்போட்டனுங். நேரா சங்கத்துக்கு வந்து உங்ககிட்டச் சொல்றன்னேன். 'வாயை மூடிக்க கண்ணு. நீ அவரு மூஞ்சியில தெனமும் முழிக்கோணும். எனக்கென்ன, வயசாச்சு'ன்னாரு. எங்கப்பனுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசுங்க."

அந்த மனுஷனை நான் முப்பத்தொரு வருஷமாக ஒரு எண்ணாக வைத்திருந்தேன். அவர் செத்த அன்றுகூட, நல்லவர்தான், அந்த ஒரு நாள் மட்டும் ஏன் அப்படிச் செய்தார் என்றுதான் நினைத்தேன். தொழுவத்தில் நான் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவரும் அன்றைக்குச் சொன்னார். நாந்தான்.

"செரி. இருக்கட்டும். சுகந்திகிட்ட ஒன்னும் சொல்ல வேண்டாம். எனக்கென்ன," என்றேன்.

பூவாத்தாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

"எங்கப்பன் சொன்ன மாதிரியே சொல்றீங். நல்லா இருக்குதுங். அவரு போன பொறவு யாருகிட்டச் சொல்றதுன்னு நான் தவிச்சது எனக்குத்தான் தெரியும். நீங்க உசுரோட இருக்கறப்பவே சுகந்திகிட்டச் சொல்லிப்போடறேன்."

எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் மாடுகளை எண்ணிக் கட்டிவிட்டு மெதுவாகவே போனேன்.

ஜூன் 12, திங்கள்

காலையில் சுகந்தி பதிவேட்டை என் முன்னால் வைத்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே பூவாத்தாள் இட்லிப் பானையை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள். "வீடுகளுக்கு மறுபடியும் ஒரு செய்தி அனுப்பணும். 'என் அப்பா'ன்னு போட்டதைத் திருத்தணும். அம்மாதான் அனுப்பச் சொல்லுச்சு. நீங்க எழுதிக் குடுங்க."

"உங்கம்மா பேரைப் போடாதே."

"யாருன்னு சொல்லணுங்கப்பா."

"அப்ப அவளையே எழுதச் சொல்லு."

"அதுக்கு எழுதக் கூச்சமாம். கெழவி கையெழுத்துன்னு சிரிப்பாங்களாம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும்.

பூவாத்தாள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாலு வரி. கீழே அவளே கையெழுத்துப் போட்டாள். ஒரு வீடு திரும்பி வந்திருக்கிறது. மற்றவை தெரியாது.

பதிவேட்டில் ஏப்ரல் ஆறிலிருந்து மே பதினான்கு வரை ஒவ்வொரு நாளுக்கும் நேரே 'பருத்திக்கொட்டை, செவலை' என்று சேர்த்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொன்பது கையெழுத்து. இன்று: இருபத்தாறு லிட்டர். பச்சைப் புல். வேறில்லை.

இன்னொரு திருத்தம் பாக்கி இருக்கிறது. அந்தச் சங்கத்துப் பதிவேட்டை எப்போதோ கரையான் தின்றிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1992 நவம்பர் 18, காலை. உறுப்பினர் எண் 46, வையாபுரி. லாக்டோமீட்டர் 24. அளவு சரி. எழுதிய பெயர் தவறு.

நல்லமுத்து, பரிசோதகர்.